வரவு

அறுபத்து நாலு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
நான்தான் பொருளாளர்,
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்ற ஒரே தகுதியில்.

ஏழு வீடு. வீட்டுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு. ஒரு வருஷம்.
ஆக்னஸ் டீச்சர் சீட்டைத் தள்ளி எடுத்து அட்வான்ஸ் கட்டினார்.
தஸ்தகீர் கொடுத்த அடுப்பு பழசு, பர்னர் புதுசு.
மூன்று பாய் கொண்டுவந்த கோமளவல்லி
நோட்டில் எழுத வேண்டாம் என்றாள்.
எழுதியிருந்தேன். அடித்தேன்.
அடித்த கோட்டுக்கடியில் இன்னும் தெரிகிறது பெயர்.

வீடுதான் கிடைக்கவில்லை.
மூலக்கடையில் ஒருவர்
பர்மாவா என்று கேட்டு டிவியை அணைத்தார்,
அகதியா என்று கேட்டு மறுபடி போட்டார்.
எருக்கஞ்சேரியில் தில்லைநாயகி மட்டும்
ஒரே கேள்வி கேட்டாள்:
"தண்ணி லாரி வந்தா வரிசையில நிப்பாங்களா?"
நிற்பார்கள் என்றோம்.
வேறெதுவும் செய்யாமல்
வருஷக்கணக்காய் நின்றவர்கள் என்று சொல்லவில்லை.

அந்தமான் எக்ஸ்பிரஸ் அந்தமானுக்குப் போவதில்லை.
ஜம்முவில் புறப்பட்டு
பாதி தேசத்தின் தூசியைப் பூசிக்கொண்டு
நாலு மணி நேரம் தாமதமாய் சென்ட்ரலில் நின்றது.
அவன், அவள், ஆறு வயதுப் பெண்.
ஓர் அரிசிச் சாக்கு. கயிறு கட்டிய குக்கர்.

சவரிராஜ் முன்னால் போனான்.
பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடை அவனுக்கு.
ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த அப்பா
அடைக்காத கடன்போல விட்டுப்போன மொழி அது.
ஒரு வாரமாய்க் கல்லாவில் உட்கார்ந்து
ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னான்:
"மிங்கலாபா. நே கௌங் லா?"
நலமா என்று அர்த்தம்.

அந்த மனிதன் விறைத்து நின்றான்.
கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்
பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அட்டையை நீட்டியது.
அவள் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்தாள்.

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.
அந்த மொழியில் அவர்களிடம் பேசியவர்களெல்லாம்
துப்பாக்கி வைத்திருந்தார்கள்.

சவரிராஜ் அட்டையை வாங்கவில்லை.
வாயை மூடிக்கொண்டு
சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தான்.
ஆட்டோ ஸ்டாண்டு வரை
குக்கர் அவன் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

பேசின் பாலத்தில் பிள்ளை "ஃபானி" என்றது.
"தண்ணி" என்றார் டீச்சர், பாட்டிலைத் திறந்தபடி.
"தன்னி."
முப்பது வருஷத்தில் முதல் தடவையாக
அவர் திருத்தவில்லை.

வீட்டைக் காட்டினோம்.
சுவிட்சு, குழாய், மழைக்கு ஒழுகும் மூலை.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் மினாரா.
சாவியைக் கொடுத்தேன்.
இன்னொன்று என் நோட்டுக்குள் இருந்தது.
அவசரத்துக்கு என்று
கூட்டத்தில் ஏகமனதாய்த் தீர்மானித்திருந்தோம்.

பூட்டு வந்த அட்டை ஜன்னலில் கிடந்தது.
சாவிக்கென்று அதில் இரண்டு பள்ளம்.
அட்டையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கையை நீட்டினாள்,
கேட்பதுபோல் அல்ல,
மீதிச் சில்லறைக்கு நீட்டுவதுபோல.

கொடுத்துவிட்டு வந்தேன்.
அன்றிரவு நோட்டில்
வரவுப் பக்கமா செலவுப் பக்கமா என்று தெரியாமல்
ஒரு வரியைக் காலியாய் விட்டேன்.

அடுத்த ஞாயிறு கதவைத் தட்டினோம்.
உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.
செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம்,
வெறுங்காலில் வெயில் ஏறும்வரை.

"யாரு?" என்றது பிள்ளை,
தாழ்ப்பாளைத் தொடாமல்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
ஏழு வீட்டுப் பெயரும் நோட்டில் இருக்கிறது;
இந்தக் கேள்விக்கு அது போதவில்லை.

சவரிராஜ்தான் சொன்னான், தமிழில்:
"அத்தோ கொண்டாந்திருக்கேன்.
சூப்பு ஆறுது."